தண்ணீர்த் தொட்டியும் வணக்கம் சொன்ன ரோபோவும்

பள்ளியில் சேர்ந்த முதல் நாள், முதல்வர் என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கதவைத் திறந்ததுமே புதுப் பிளாஸ்டிக் வாசனை அடித்தது. கண்ணாடி அலமாரிகளில் பெட்டி பெட்டியாகச் சென்சார்கள், சின்னச் சின்ன மோட்டார்கள், சக்கரங்கள். மூலையில் ஒரு முப்பரிமாணப் பிரின்டர், வந்த நாளில் சுற்றியிருந்த உறையைக்கூடப் பிரிக்காமல் நின்றது. சுவரில் ஆளுயர எழுத்துகளில் குழந்தைகளைக் கண்டுபிடிப்பாளர்கள் என்று சொல்லும் ஓர் ஆங்கில வாசகம்.

"எல்லாம் கணக்குல இருக்கு மிஸ். ஒண்ணும் உடையக் கூடாது. பசங்க கையில குடுக்காதீங்க. நீங்க செஞ்சு காட்டுங்க, அவங்க பார்க்கட்டும்" என்றார் முதல்வர்.

நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு முன் பல வருடங்கள் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தேன். பெரிய ஆலைகளுக்குக் குழாய்களும் தாங்கிகளும் செய்து கொடுக்கும் இடம். நான் தரப் பரிசோதனையில் இருந்தேன். ஒரு வெல்டிங்கில் விரிசல் விழுந்தால் அதை அறுத்துப் பார்த்து, ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அந்த வேலையில் எனக்கு ஒரு ருசி இருந்தது. உடைந்த பொருள் எப்போதும் ஏதாவது சொல்லும், நாம்தான் காது கொடுக்க வேண்டும். ஆர்டர்கள் குறைந்து, ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். வீடு ஸ்ரீரங்கத்தில். நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளியில், மாணவர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரப் பொறியியல் படித்தவர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். விரிசலைப் பார்க்கிற கண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரிதாக நினைத்துக்கொண்டுதான் போனேன்.

எட்டாம் வகுப்பில் என் முதல் பாடவேளை. தலைக்கு மேலே ஒரு மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தது வேகமாகச் சுற்றியது. நான் மேலே கை காட்டினேன்.

"ரெண்டும் ஒரே ஃபேன். ஒரே கரண்ட். இது மட்டும் ஏன் மெதுவா சுத்துது?"

யோசிக்கிறார்கள் என்று நம்பிக் காத்திருந்தேன். முன் பெஞ்சில் இருந்த பையன் எழுந்தான்.

"மிஸ், இது எந்த லெசன்?"

"லெசன் இல்லப்பா. சும்மா யோசிச்சுச் சொல்லு."

"டெஸ்ட்ல வருமா மிஸ்?"

"வராது."

அவன் உட்கார்ந்துவிட்டான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆன்சரை போர்டுல எழுதிடுங்க மிஸ். காப்பி பண்ணிக்கிறோம்."

எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைகள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? எட்டு வருடமாக அவர்களுக்குப் பழக்கியதை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்து என் கணவரிடம் புலம்பினேன். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர், எதற்கும் பதறாதவர். "முதல் நாளே எல்லா விசிறியும் வேகமா சுத்தணும்னா எப்படி?" என்றார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் வீட்டில் கெட்டுப்போய்க் கிடந்த மிக்ஸியையும் நாலைந்து ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஆய்வகப் பொருளைத்தானே தொடக் கூடாது, என் மிக்ஸியைத் தொடலாமே. மேசைமேல் வைத்து, "பிரிங்க" என்றேன். யாரும் நெருங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"உடைஞ்சா திட்டுவீங்களா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஏற்கெனவே கெட்டுப்போனதுதான்டி. இதுக்கு மேல என்ன ஆகப்போகுது?"

அவள்தான் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். முசிறியிலிருந்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே வாழைத்தோட்டம், இவள் படிப்புக்காக ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். வகுப்பில் அவளை முசிறி என்றே கூப்பிட்டார்கள். அடிப்பாகத்தைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, கருப்பு மையோடு வெளியே எடுத்தாள். மோட்டாருக்குள் உரசி உரசிக் கட்டையாகிப்போன கரித்துண்டு ஒன்று இருந்தது. அது தேய்ந்து போனதால்தான் கரண்ட் உள்ளே போகவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் வகுப்பில் எழுந்த சத்தம் எனக்குப் பாட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு அப்படி இருக்கவில்லை.

மறுநாள் காலை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சத்தம் பற்றிய புகார் ஒன்று. அதைவிடப் பெரிய புகார், ஒரு பையனின் அம்மா போனில் சொன்னது. வெள்ளைச் சட்டையில் கிரீஸ். "நாங்க ஃபீஸ் கட்டறது மிக்ஸி ரிப்பேர் கத்துக்கவா?" என்று கேட்டாராம்.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு பாருங்க மிஸ்" என்றார் முதல்வர்.

"என்ன நியாயம் மேடம்? மோட்டார் பாடம் புஸ்தகத்துல இருக்கு. படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்றோம். நிஜ மோட்டாரைப் பார்த்தா குத்தமா?"

"புஸ்தகத்துல இருக்கற படம் சட்டையில கறை ஆக்காது மிஸ்."

அவரை என்னால் வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் கஷ்டம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போன பிறகு போகிறவர். நிர்வாகம் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் என்று இடிபடுகிறவர். அவருக்குத் தேவை புகார் வராத ஒரு நாள். எனக்குத் தேவை சத்தம் வருகிற ஒரு வகுப்பு. இரண்டும் ஒரே கட்டிடத்தில் இருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொட்டி விஷயம் வந்தது. பள்ளி மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி தினமும் காலையில் நிரம்பி வழியும். மோட்டார் சுவிட்ச் வாட்ச்மேன் பொறுப்பில். அந்த நேரத்தில்தான் பள்ளி வேன்கள் வரிசையாக வரும், அவர் கேட்டில் நிற்பார், மோட்டாரை மறந்துவிடுவார். வழிந்த தண்ணீர் பின்பக்கச் சுவரோடு இறங்கி, பெண்கள் கழிப்பறைக்குப் போகிற பாதையில் பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு பெண் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். தண்ணீர் வழிந்தால் இங்கே யாருக்கும் உறைக்காது.

வகுப்பில் இதைப் பேச்சாக எடுத்தேன். முசிறிப் பெண் கை தூக்கினாள்.

"எங்க தோட்டத்துல அப்பா போன்லயே மோட்டாரை ஆஃப் பண்ணுவாரு மிஸ். வீட்டுல இருந்தே."

"எப்படி ஆஃப் ஆகுது?"

"போன் பண்ணுவாரு. ஆஃப் ஆயிடும்."

"அதான் எப்படின்னு கேக்கறேன். போன் அடிச்சா மோட்டாருக்கு எப்படித் தெரியும்?"

அவள் வாயைத் திறந்து, மூடினாள். இத்தனை நாள் பார்த்த ஒன்று தனக்குத் தெரியவே தெரியாது என்று ஒரு பிள்ளைக்கு உறைக்கிற நொடி முகத்தில் தெரியும். அந்த நொடிக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். "தெரியலையே மிஸ்" என்றாள். அந்த வருடத்தில் அந்த வகுப்பில் நான் கேட்ட முதல் நல்ல பதில் அது.

போன் வைத்து நிறுத்துவது எங்களுக்கு எட்டாத காரியம். தொட்டி நிரம்பினால் சத்தம் போடுகிற ஓர் அலாரம் போதும் என்று முடிவு செய்தோம். இரண்டு கம்பிகள் தொட்டியின் மேல்விளிம்பில் தொங்கும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் அதன் வழியாகத் துளி கரண்ட் பாயும். ஒரு டிரான்சிஸ்டர் அந்தத் துளியைப் பெரிதாக்கி ஒரு பஸ்ஸரை அலற வைக்கும். ஆய்வகத்தில் இதற்கு வேண்டியதெல்லாம் இருந்தது, கண்ணாடிக்குப் பின்னால். எழுதிக் கேட்டேன். நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வரவில்லை. சனிக்கிழமை மலைக்கோட்டைப் பக்கம் போய், துணிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு சந்தில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடையில் நானே வாங்கி வந்தேன்.

முசிறிப் பெண்ணோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மதிய உணவு நேரத்தில் வேலை. வாளியில் வைத்துப் பார்த்தபோது அழகாக அலறியது. மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்த் தொட்டியில் கட்டினோம். மறுநாள் காலை தொட்டி நிரம்பியதும் அலறியது. மோட்டாரை நிறுத்தினார்கள். தண்ணீர் இறங்கிய பிறகும் அலறிக்கொண்டே இருந்தது. முதல் பாடவேளை முழுக்க அலறியது. நான் படியேறி ஓடிக் கம்பியைப் பிடுங்கினேன்.

வாட்ச்மேன் கடுப்பாகிவிட்டார். "மேல உட்கார்ந்து அது கத்துதுங்க. நான் கேட்டைப் பார்ப்பனா, மாடிக்கு ஓடுவனா?"

பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. "மிஸ், நம்மளது வேஸ்ட்டா?" என்று கேட்டார்கள்.

"வேஸ்ட் இல்ல. இப்பதான் வேலையே ஆரம்பிக்குது" என்றேன். அதைச் சொல்லும்போது பழைய தொழிற்கூடத்தில் நிற்பது போல் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்த நாள் அது.

கழற்றிக் கொண்டுவந்து பார்த்தோம். இரண்டு கம்பிகளையும் ஒரே பிளாஸ்டிக் பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். தண்ணீர் இறங்கினாலும் பட்டையின் மேல் ஈரம் படலமாக நின்றது. அந்த ஈரம் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸருக்கு அதுவும் தண்ணீர்தான். கம்பி நுனியில் பச்சையாகக் களிம்பு வேறு. முசிறிப் பெண் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தாள். "ரெண்டும் ஒரே பட்டையில இருக்கக் கூடாது மிஸ். தனித்தனியா தொங்கணும்" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியே மாற்றினோம், நுனிக்குத் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ வைத்தோம். பஸ்ஸரைக் கீழே இறக்கி, வாட்ச்மேன் நிற்கிற கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். நீளமான ஒயரில் வேறொரு சிக்கல் வந்தது, அதையும் தீர்த்தோம். வேலை செய்தது.

அதற்குள் அறிவியல் கண்காட்சி வந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊருக்குள் இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லாவற்றிலும் அவசரம். எங்களுக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். தோற்ற பட்டையையும் ஜெயித்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று முசிறிப் பெண் சொன்னாள். தோற்றதற்கு மேலே 'இது ஏன் வேலை செய்யவில்லை?' என்று அட்டையில் எழுதி ஒட்டினார்கள். எனக்கு அந்த அட்டை அவ்வளவு பிடித்திருந்தது.

முந்தின நாள் மாலை முதல்வர் சுற்றிப் பார்க்க வந்தார். அட்டையைப் படித்தார்.

"என்ன மிஸ் இது? வேலை செய்யாததை யாராவது கண்காட்சியில வைப்பாங்களா? எடுத்துடுங்க."

"மேடம், இவங்க கத்துக்கிட்டதே அதுலதான்."

"கத்துக்கிட்டது சரி. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? எடுத்துடுங்க, ப்ளீஸ்."

அட்டையும் பட்டையும் மேசைக்கு அடியில் போயின.

கண்காட்சியின் நடுநாயகம் வேறொன்று. நிர்வாகம் ஒரு நிறுவனத்திடமிருந்து முழங்கால் உயர வெள்ளை ரோபோ ஒன்றை வரவழைத்திருந்தது. அது கை கூப்பி வணக்கம் சொல்லும், தலையை ஆட்டும், கண்ணில் நீல விளக்கு எரியும். திரைக்குப் பின்னால் நிறுவனத்து ஆள் ஒருவர் போனை வைத்துக்கொண்டு அதை இயக்கினார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதன் பக்கத்தில் டை கட்டி நின்று, செயற்கை நுண்ணறிவு பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மனப்பாடமாகச் சொன்னான். பாவம், நன்றாகச் சொன்னான். இடையில் ஒரு வார்த்தை மறந்தபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

சிறப்பு விருந்தினராக ஓர் உயர் அதிகாரி வந்திருந்தார். எங்கள் மேசைக்கு வந்தார். முசிறிப் பெண் தமிழில் விளக்கினாள். தண்ணீரை ஊற்றினாள், அலறியது. இறக்கினாள், நின்றது. அவர் குனிந்து பார்த்தார். மரியாதைக்குப் பார்க்கிற பார்வை இல்லை அது, உண்மையாகவே பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. முதல் தடவையே சரியா வந்துச்சா?" என்று கேட்டார்.

அவள் முகம் மலர்ந்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதல்வர் முந்திக்கொண்டார். "ஆமா சார். நம்ம பசங்க அவ்வளவு பிரில்லியன்ட்."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இல்ல சார். முதல்ல வரல. ஒரு பீரியட் பூரா நிக்காம கத்துச்சு. ஏன் கத்துச்சுன்னு இவங்களே கண்டுபிடிச்சாங்க. அதைத்தான் இவ சொல்ல வந்தா" என்றேன்.

அதிகாரி சிரித்தார். "அப்படியா? அதைச் சொல்லும்மா" என்று அவள் பக்கம் திரும்பினார். அவள் மேசைக்கு அடியில் கையை விட்டாள். அதே நேரத்தில், திரைக்குப் பின்னாலிருந்த ஆளுக்கு என்ன தோன்றியதோ, ரோபோ உரத்த குரலில் "வணக்கம்! ஸ்ரீரங்கத்துக்கு வருக வருக!" என்றது. கூட்டம் முழுக்கத் திரும்பியது. போட்டோக்காரர் ஓடினார். நிர்வாகி அதிகாரியின் முழங்கையைத் தொட்டு, "இந்தப் பக்கம் சார்" என்று நகர்த்திக்கொண்டு போனார். அவர் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். திரும்பி வரவில்லை. அவள் தோற்ற பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

மாலையில் முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கெஸ்ட் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே மிஸ்."

"மேடம், அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சதை நீங்க அவகிட்டேருந்து பிடுங்கிட்டீங்க. உங்களுக்கு அது தெரியவே இல்ல."

"எனக்குத் தெரியாதா? நானும் டீச்சர்தான் மிஸ். ஆனா அட்மிஷனுக்கு வர்றவங்க அந்த வெள்ளை பொம்மையைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. நான் என்ன செய்யட்டும்?"

இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அலாரம் சில வாரங்கள் ஒழுங்காக வேலை செய்தது. கழிப்பறைப் பாதை காய்ந்தது. வாட்ச்மேன்கூட, "பரவாயில்லீங்க, உபகாரமா இருக்கு" என்றார். பிறகு ஆண்டு விழாவுக்காகக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்தார்கள். சுவரோடு இறங்கிய ஒயர் அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ அறுத்துப் போட்டுவிட்டார்கள். யார் சொல்லி என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மறுபடி கட்டலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது முழுப் பரீட்சை வந்துவிட்டது. தொட்டி மறுபடி வழிந்தது.

அடுத்த கல்வியாண்டில் அந்த ரோபோ நிறுவனத்தோடேயே ஒப்பந்தம் போட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். சிவப்புத் துளையில் சிவப்பு ஒயர், நீலத் துளையில் நீல ஒயர். செருகினால் கிட்டோடு வந்த குட்டி வண்டி ஓடும். நான் கை தூக்கினேன்.

"ஓடலைன்னா?"

"ஓடும் மேடம்."

"ஓடலைன்னு வெச்சுக்குங்க. பசங்க என்ன பண்ணணும்?"

"எங்களுக்கு ஒரு கால் பண்ணுங்க மேடம். வேற கிட் அனுப்பிடுவோம்."

பக்கத்திலிருந்த ஆசிரியை என் கையை மெல்ல அழுத்தினார். நான் அதற்கு மேல் பேசியிருந்தால் கத்தியிருப்பேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு என் பாடவேளையே கிடையாது என்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில் நுழைவுத் தேர்வுக்கான அடிப்படைப் பயிற்சி. முசிறிப் பெண்ணை வராந்தாவில் பார்த்தேன். கையில் கனமான புத்தகம்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் மிஸ். நேத்து காந்தம் நடத்துனாங்க. அப்பா மோட்டார்ல இருக்கற ரிலே பத்திக் கேட்டேன். அதுல ஒரு காந்தம் இருக்கு, போன் அடிச்சா அதுதான் சுவிட்சை இழுக்குது, லீவுல திறந்து பார்த்தேன். அது சிலபஸ்ல இல்ல, உட்காருன்னுட்டாங்க."

"உட்கார்ந்துட்டியா?"

"உட்கார்ந்துட்டேன் மிஸ்" என்று சிரித்தாள். பெல் அடித்தது, ஓடிவிட்டாள்.

நான் நேராக முதல்வர் அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அட்டவணையில வராது மிஸ். பேரன்ட்ஸ் சம்மதம் வேணும். கிட்டைத் தொடக் கூடாது. உங்களுக்குத் தனியா சம்பளம் எதுவும் தர முடியாது."

"சரிங்க மேடம்."

"சத்தம்?"

"சத்தம் வரும் மேடம்."

அவர் பெருமூச்சு விட்டு, "அந்த நேரத்துல பில்டிங்ல யாரும் இருக்க மாட்டாங்க. போங்க" என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு நடக்கிறது. சில வாரம் பத்துப் பேர், சில வாரம் மூன்று பேர். போன வெள்ளி ஒரு பழைய ரேடியோவைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், இல்லை, ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று இன்னொருவன் சண்டை போட்டான். இரண்டு பேருக்கும் ஆதாரம் இல்லை. எப்படிச் சோதிக்கலாம் என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வேன்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். "மிஸ், வேன் போயிடும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே ஓடினார்கள்.

மேசையில் ரேடியோ வயிறு திறந்து கிடந்தது. கரண்ட் சோதிக்கிற ஒரு மீட்டரை வைத்துத் தொட்டால் எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கை பரபரத்தது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு துணியை எடுத்து அதன்மேல் மூடிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.